நெவாடோ டெல் ரூயிஸ், 1985: சிறிய வெடிப்பு, 74 கி.மீ. தள்ளி இருந்த ஊர் எப்படி அழிந்தது?

வெண்கொக்கு (கேள்வி)

வணக்கம். பேரிடர் மேலாண்மை வகுப்புக்காக ஆர்மெரோ அழிவைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலம்பியாவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுக்கிளையில் உள்ள நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. 23,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி ஆர்மெரோ என்ற ஒரே ஊரில்.

மூன்று இடங்களில் கணக்கு உதைக்கிறது. எரிமலை வெடிப்புகளை 0 முதல் 8 வரை தரப்படுத்தும் குறியீட்டில் (VEI) இந்த வெடிப்பின் அளவு மூன்றுதான். வெளிவந்த பொருள் 1980-இல் செயின்ட் ஹெலன்ஸ் கக்கியதில் சுமார் 3 சதவீதம் என்கிறார்கள். இவ்வளவு சிறிய வெடிப்பு 74 கி.மீ. தொலைவில் உள்ள ஊரை எப்படி மூடும்? இரண்டாவது, சேறு ஊருக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரத்தில் ஏன் யாரும் வெளியேறவில்லை? மூன்றாவது, இன்று அப்படி ஒரு பள்ளத்தாக்கில் எச்சரிக்கை அமைப்பு வைப்பதென்றால் என்ன கருவி, எங்கே, எந்த அளவில் மணி அடிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பனிமுகடு

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எரிமலைக் குழம்பு வழிந்து பனியை உருக்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. குழம்பு பனிமேல் ஊர்ந்தால் அதன் அடிப்பக்கம் உடனே இறுகி ஓடாகிவிடும். அந்த ஓடு வெப்பத்தைத் தடுக்கும், உருகல் மெதுவாகத்தான் நடக்கும். ரூயிஸில் வந்தது பைரோகிளாஸ்டிக் ஓட்டம்: பல நூறு டிகிரி சூட்டில் சாம்பலும் நுரைக்கல்லும் வாயுவும் கலந்து சரிவில் பாயும் மேகம். அது பனியின் மேற்பரப்பை உழுதுகொண்டு போகும். உடைந்த பனித்துணுக்கும் சூடான துகளும் ஒன்றோடொன்று புரளும்போது வெப்பம் கைமாறச் சில நிமிடம் போதும்.

ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோ ஜூல் வேண்டும். ஒரு கிலோ பாறைத்துகள் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஜூல் விடும். 800 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர்ந்தால் 800 கிலோ ஜூல். ஆக, ஒரு கிலோ துகள் இரண்டு கிலோவுக்கு மேல் பனியை உருக்க முடியும். நடைமுறையில் பாதிக்கு மேல் வெப்பம் காற்றிலும் நீராவியிலும் போய்விடும் என்று வைத்தாலும், நீருக்குக் குறைவில்லை என்பது விளங்கும்.

அன்று மலையுச்சியில் சுமார் 25 சதுர கி.மீ. பனிக்கவசம் இருந்தது. ஓட்டங்கள் தொட்டது ஏறத்தாழ 10 சதுர கி.மீ. மொத்தப் பனியில் உருகியது பத்தில் ஒரு பங்குதான். அதிலிருந்தே சுமார் 2 கோடி கன மீட்டர் நீர் மலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதியில் சில நிமிடங்களில் கொட்டியது.

உங்கள் கணக்கு உதைப்பது இதற்குப் பிறகுதான். இறங்கியது 2 கோடி கன மீட்டர் நீர். கீழே போய்ப் படிந்தது 9 கோடி கன மீட்டர் சேறு. மீதியை எரிமலை தரவில்லை, பள்ளத்தாக்கு தந்தது. செங்குத்தான, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் பழைய சாம்பலும் ஆற்றுக்கல்லும் மண்ணும் நிறைந்திருந்தன. ஓடும் நீர் அவற்றைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டது. திடப்பொருள் கன அளவில் 60 சதவீதத்தைத் தாண்டும்போது அது வெள்ளம் என்ற நிலையை விட்டு விடுகிறது. கட்டட வேலையில் கலக்கும் ஈரக் கான்கிரீட்டின் அடர்த்தி அதற்கு வந்துவிடுகிறது, அதாவது நீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீடு அளவு பாறைகூட அதில் உருண்டும் மிதந்தும் வரும். இதைத்தான் லஹார் என்கிறோம்.

ஆகவே வெடிப்பின் அளவை வைத்து லஹாரின் அளவைக் கணிக்கக் கூடாது. பனியும், செங்குத்துச் சரிவும், அள்ளிக்கொள்ளத் தளர்வான மண்ணும் மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் சிறிய வெடிப்பு போதும். மலைத்தொடர்களில் உள்ள உயரமான எரிமலைகளுக்கே உரிய ஆபத்து இது. ரூயிஸின் உயரம் 5,300 மீட்டருக்குச் சற்று மேல், ஆர்மெரோவோ மக்தலேனா ஆற்றுச் சமவெளி ஓரத்தில் சில நூறு மீட்டர் உயரத்தில் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து கி.மீ. செங்குத்து இறக்கம்.

சாம்பல்மேடு

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஆர்மெரோ உட்கார்ந்திருந்த நிலமே பழைய லஹார் படிவு. 1595-இல் ஒரு முறை, 1845-இல் ஒரு முறை, 1985-இல் சேறு வந்த அதே லகுனியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சேறு வந்திருக்கிறது. 1845-இல் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கு மலையை விட்டு வெளியேறும் வாயில் விசிறிபோல விரிந்த தட்டையான, வளமான மண். பருத்திக்கும் நெல்லுக்கும் நல்ல இடம் என்பதால் ஊர் வளர்ந்தது. வளத்தைத் தந்ததும் அதே சேறுதான்.

வகுப்பில் மாணவர்களிடம் ஒரு மேடுபள்ள வரைபடத்தைக் கொடுத்து, ‘எரிமலையிலிருந்து வட்டம் போட்டு ஆபத்துப் பகுதியைக் குறி’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லாரும் ஆர்மெரோவை விட்டுவிடுவார்கள். பிறகு உச்சியில் பிறக்கும் ஒவ்வொரு ஆற்றையும் கீழே வரை பின்தொடரச் சொல்லுங்கள். அப்போது தானாக அகப்படும். மேற்குப் பக்கம் சின்சினா ஊரும் அதே போல அகப்படும். அங்கே அன்று இரவு ஏறத்தாழ 1,900 பேர் இறந்தார்கள்.

ஆற்றுமணல்

இரண்டாவது கேள்விக்கு: இரண்டரை மணி நேரம் என்பதைவிட எட்டரை மணி நேரம் என்று தொடங்குவது சரி.

நவம்பர் 1984-இலேயே நிலநடுக்கங்கள் தொடங்கிவிட்டன. 1985 செப்டம்பர் 11 அன்று நீராவி வெடிப்பு ஒன்று நடந்து, லகுனியாவின் கிளையான அசுஃப்ராதோ பள்ளத்தாக்கில் 27 கி.மீ. தூரம் சேறு ஓடியது. அது தெளிவான ஒத்திகை. அக்டோபர் 7 அன்று ஆபத்து வரைபடம் வெளிவந்தது. ஆர்மெரோ அதில் லஹார் பகுதிக்குள்ளேயே இருந்தது. ஆக, அறிவியல் தரப்பில் அந்த ஊர் தப்பிப்போகவில்லை.

நவம்பர் 13 பிற்பகல் 3 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. மாலையில் ஆர்மெரோவில் சாம்பல் விழுந்தது. வெளியேற்றம் பற்றிப் பேச்சு நடந்தது. பிறகு சாம்பல் விழுவது நின்றது. நின்றதும் ஆபத்து தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள், வீட்டிலேயே அமைதியாக இருக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் குறிப்பில் அடிக்கோடிட வேண்டிய இடம் இது. சாம்பல் எந்தத் திசையில் விழும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. சேறு எந்தத் திசையில் வரும் என்பதைப் பள்ளத்தாக்கு தீர்மானிக்கிறது. ஒன்று நின்றதை வைத்து மற்றொன்றைக் கணிக்க வழியே இல்லை.

இரவு 9 மணி 8 நிமிடத்துக்குப் பெரிய வெடிப்பு. அப்போது புயல்மழை, உச்சியை மேகம் மூடியிருந்தது. ஆர்மெரோவில் மின்சாரமும் போய்விட்டது. யாரும் எதையும் பார்க்க முடியாது, வானொலி கேட்பதும் கடினம்.

11 மணி 25 நிமிடம் அளவில் முதலில் வந்தது குளிர்ந்த வெள்ளநீர். லகுனியா ஆற்றில் ஊருக்கு மேலே நிலச்சரிவு அடைத்துத் தேங்கியிருந்த நீரை லஹார் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. பத்து நிமிடம் கழித்து முதன்மை அலை: நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகம், பள்ளத்தாக்கின் வாயில் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழம். அது அடங்குவதற்குள் இன்னொரு அலை, அதில் பாதி வேகத்தில். தெருவில் நீர் ஏறுவதைக் கண்டு, இது வழக்கமான ஆற்றுவெள்ளம் என்று மாடிக்கு ஏறியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் வீணாயிற்று. லஹாரில் மாடி உதவாது, கட்டடமே போய்விடும்.

74 கி.மீ.-ஐ ஏறத்தாழ 2 மணி 25 நிமிடத்தால் வகுத்தால் சராசரி மணிக்கு 30 கி.மீ. அளவில் வரும். மேல்சரிவில் நொடிக்கு 17 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 60 கி.மீ. போயிருக்கிறது. கீழே வர வர வேகம் குறைந்தது. ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தை நடந்தே எட்டியிருக்கலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்து மணிக்கு 3 கி.மீ. நடை என்று வைத்தாலும், ஒரு கி.மீ.-க்கு 20 நிமிடம். 9.08-க்குப் பிறகு 10 மணிக்கு உத்தரவு வந்திருந்தாலும் நேரம் மிச்சமிருக்கும்.

கம்பித்தடம்

மூன்றாவது கேள்வி. லஹார் கண்டறியும் அமைப்பில் இன்று பரவலாக இருப்பது ஒலி ஓட்ட மானி. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 1990-இல் அலாஸ்காவின் ரிடவுட் மலையிலும் 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோவிலும் பயன்பட்டது.

பாகங்கள் அதிகமில்லை: மண்ணில் புதைக்கும் ஒரு ஜியோஃபோன் (நில அதிர்வை மின்குறியாக மாற்றும் உணரி), சிறிய மின்னணுப் பலகை, வானொலி, ஆன்டெனா, பேட்டரி, சோலார் பலகை. கீழே கண்காணிப்பு நிலையத்தில் வானொலிக் குறியை வாங்கும் கருவி ஒன்றும் கணினியும். விலை குறைவு, சிரமம் முழுவதும் இடம் தேர்வதிலும் பராமரிப்பிலும்தான்.

வேலை செய்யும் விதம்: நிலநடுக்கத்தின் வலுவான அதிர்வு பெரும்பாலும் சில ஹெர்ட்ஸிலேயே இருக்கும். பாறைகள் மோதி உருண்டு வரும் லஹார் கரையை உலுக்குவது அதைவிட மேலே, முக்கியமாக 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. அதனால் மானி 10 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை மூன்று பட்டைகளாக அளக்கும்: முழுப் பட்டை, 10–100, 100–250. பாறை நிறைந்த கெட்டியான லஹார் என்றால் கீழ்ப் பட்டை உயரும். நீர்த்த வெள்ளம் என்றால் மேல் பட்டை ஒப்பீட்டில் கூடுதலாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வருவது என்னவென்று பார்க்காமலேயே ஓரளவு சொல்லலாம்.

அதிர்வின் வீச்சை, அதாவது வலிமையை, ஒவ்வொரு நொடியும் அளக்கும், ஆனால் ஒவ்வொரு நொடியும் அனுப்பாது. பேட்டரியை மிச்சப்படுத்த, சாதாரண நாளில் கால் அல்லது அரை மணிக்கு ஒரு முறைதான் அனுப்பும். நிர்ணயித்த அளவைத் தாண்டிய அதிர்வு சுமார் 40 நொடி தொடர்ந்து நீடித்தால் மட்டும் அவசர நிலைக்கு மாறி நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பத் தொடங்கும். இந்த நீடிப்பு விதிதான் உயிர்நாடி. ஒரு பாறை விழுந்தாலோ, பக்கத்தில் மாடு ஓடினாலோ, ஹெலிகாப்டர் கடந்தாலோ வீச்சு ஏறும், ஆனால் நீடிக்காது.

இடம் தேர்வு: ஆற்றுப் படுகையிலிருந்து சில பத்து மீட்டர் முதல் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி, லஹாரின் உச்ச மட்டத்துக்கு மேலே, கெட்டியான தரையில். தளர்ந்த சாம்பல் மண்ணில் புதைத்தால் உயர் அதிர்வெண் பாதி வழியிலேயே அடங்கிவிடும். படுகைக்கு மிக அருகே வைத்தால் முதல் லஹாரே கருவியைக் கொண்டுபோகும், இரண்டாவது அலையைப் பற்றி உங்களுக்குத் தெரியவே வராது. ரூயிஸில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்பதை மேலே ஆற்றுமணல் சொன்னார். அதனால் கருவி பிழைத்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே நிலையம் போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. 8 கி.மீ. இடைவெளியில் இரண்டு நிலையங்கள், ஓட்டம் நொடிக்கு 12 மீட்டர் என்றால் ஏறக்குறைய 11 நிமிட வித்தியாசத்தில் இரண்டும் எழும்ப வேண்டும். மேல் நிலையம் முதலில், கீழ் நிலையம் பிறகு, வித்தியாசம் 8 முதல் 20 நிமிடத்துக்குள் என்றால் லஹார்தான். இரண்டும் ஒரே நொடியில் எழும்பினால் நிலநடுக்கம் அல்லது இடி. கீழ் நிலையம் மட்டும் எழும்பினால் கிளையாற்று வெள்ளமாக இருக்கலாம்.

கெட்டுப்போகும் விதங்களைப் பெரும்பாலான பாடநூல்கள் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சோலார் பலகையில் சாம்பல் படிந்தால் மின்சாரம் அடியோடு குறையும். வெடிப்பு நடக்கும் வாரத்தில்தான் சாம்பல் விழும், அதாவது கருவி மிகத் தேவைப்படும் வாரத்தில். பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து, வெயிலே இல்லாமல் இரண்டு மூன்று வாரம் தாங்கும் பேட்டரி வைப்பார்கள். 4,000 மீட்டருக்கு மேல் குளிரில் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு கணிசமாகக் குறையும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டிஸில் மின்னல் மிகுதி. நிலமிணைப்பு சரியில்லை என்றால் பலகை எரியும். ஒடுங்கிய பள்ளத்தாக்கிலிருந்து வானொலி நேராகப் போகாது, மேட்டில் இடைநிலையம் வேண்டும். அந்த ஒரு இடைநிலையம் செத்தால் கீழே உள்ள அத்தனை மானிகளும் ஊமை. இரு வழிப் பாதை வையுங்கள். கேபிளை எலியும் மாடும் கடிக்கும், உலோகக் குழாய்க்குள் புதைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறே கல்லை உருட்டுவதால் பின்னணி அதிர்வு ஏறும். கோடையில் வைத்த எல்லையளவை அப்படியே விட்டால் பொய் மணி அடிக்கும், அதற்குப் பயந்து உயர்த்தி வைத்தால் சிறு லஹாரை விட்டுவிடும். பருவத்துக்கு ஒரு முறை பதிவைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

அறுகம்பியும் உண்டு. படுகைக்குக் குறுக்கே வெவ்வேறு உயரத்தில் கம்பி கட்டி, அறுந்தால் மணி. மலிவு, பொருள் தெளிவு. ஆனால் மரம் விழுந்தாலும் அறும், திருட்டும் போகும், ஒரு தடவை அறுந்தால் மறுபடி கட்டும் வரை குருடு. ஜியோஃபோனுக்குத் துணையாக வைக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

வெண்கொக்கு

மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகம். இரண்டு துணைக் கேள்விகள். ஆபத்து வரைபடத்தில் லஹார் எவ்வளவு அகலம் பரவும் என்பதை எப்படி வரைகிறார்கள்? இன்னொன்று, பள்ளத்தாக்கில் தடுப்பணை கட்டிச் சேற்றைப் பிடிக்க முடியாதா? ஜப்பானில் அப்படிச் செய்கிறார்களே.

சமவுயரக்கோடு

வரைபடத்துக்கு லஹார்ஸ் என்ற கணினி முறை பழக்கத்தில் உள்ளது. 1998-இல் வெளியானது. பல எரிமலைகளின் பழைய லஹார்களை அளந்து, அதிலிருந்து எடுத்த இரண்டு எளிய தொடர்புகள்தான் அதன் அடிப்படை. லஹாரின் கன அளவை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்துங்கள். அதை 0.05-ஆல் பெருக்கினால் பள்ளத்தாக்கில் அது நிரப்பும் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். 200-ஆல் பெருக்கினால் அது மூடும் மொத்த நிலப்பரப்பு.

10 லட்சம் கன மீட்டர் லஹாருக்குக் குறுக்குவெட்டு 500 சதுர மீட்டர், மூடும் பரப்பு 2 சதுர கி.மீ. 1 கோடிக்கு 2,320 சதுர மீட்டர், 9.3 சதுர கி.மீ. 10 கோடிக்கு ஏறத்தாழ 10,770 சதுர மீட்டர், 43 சதுர கி.மீ. நூறு மீட்டர் அகலமான பள்ளத்தாக்கில் 10,770 சதுர மீட்டர் என்றால் ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும். அதே லஹார் ஒரு கி.மீ. அகல வெளிக்கு வந்தால் 11 மீட்டர். ஒடுங்கிய வாயிலுக்கு நேரே ஊர் அமைவது ஏன் மோசம் என்பதை மாணவர்களுக்கு இந்த இரண்டு வரியில் காட்டிவிடலாம்.

செய்முறை: நிலத்தின் உயரங்களைக் கட்டம் கட்டமாகப் பதிந்த கணினி வரைபடமான உயர மாதிரியை எடுத்து, உச்சியிலிருந்து சாய்வுக்கோடு ஒன்றை இறக்கி, அது தரையைத் தொடும் எல்லையைப் படிவு தொடங்கும் இடமாகக் கொள்வார்கள். ஒவ்வொரு ஓடையிலும் அங்கிருந்து தொடங்கி, சிறிய, நடுத்தர, பெரிய என்று மூன்று நான்கு கன அளவுகளை ஓட்டுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் தீட்டினால் வரைபடம். ஒரே ஒரு கோடு போட்டால் அதற்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி இருப்பவர் பத்திரம் என்று நினைத்துவிடுவார், அதனால்தான் பல அளவுகள்.

எங்கே சறுக்கும்: உயர மாதிரி 30 மீட்டர் கட்டங்களில் இருந்தால் குறுகிய பள்ளத்தாக்கின் அடியே தெரியாது, பரப்பு பல் பல்லாக வரும். விசிறி நிலத்தில் ஓட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இம்முறை நம்பகமாகச் சொல்லாது. வேகமும் வந்து சேரும் நேரமும் இதில் கிடையவே கிடையாது. அதற்குத் தனி மாதிரிகள் ஓட்ட வேண்டும், அல்லது பழைய நிகழ்வின் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் ஆற்றுப் பெயர்களோடு ‘உச்சியிலிருந்து இங்கே எத்தனை நிமிடம்’ என்று ஒவ்வொரு பாலத்துக்கும் எழுதிவைத்தால், அதுதான் மக்களுக்குப் பயன்படும் வரைபடம்.

தடுப்பணை பற்றி: மழையால் வரும் சில ஆயிரம், சில லட்சம் கன மீட்டர் சேற்றுக்கு அவை மிகப் பயன். 9 கோடி கன மீட்டருக்கு அவை கணக்கிலேயே வராது. நிரம்பிய தடுப்பணையைத் தூர்வாராமல் விட்டால் அதன் மண்ணும் லஹாரோடு சேரும். ரூயிஸ் போன்ற மலையில் காசை மானிக்கும் மேட்டுப் பாதைக்கும் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

பனிமுகடு

அமைப்பு வைத்தால் பலன் உண்டா என்பதற்கு ஆதாரம் வேறெங்கும் தேட வேண்டாம். அதே நடுக்கிளையில், தெற்கே நெவாடோ டெல் ஊய்லா எரிமலை. 2007 ஏப்ரலில் லஹார் பாயெஸ் ஆற்றில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேறினார்கள், லஹாரால் உயிரிழப்பு இல்லை. 2008 நவம்பரில் வந்தது சுமார் 30 கோடி கன மீட்டர், அதாவது ரூயிஸின் 1985 லஹாரைவிட மூன்று மடங்குக்கு மேல். இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில். பெலால்காசார் போன்ற ஆற்றோர ஊர்களில் பகல், இரவு என்று ஒத்திகை நடந்திருந்தது, மேட்டுக்குப் போகும் வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1994 நிலநடுக்கத்தில் அதே பாயெஸ் பள்ளத்தாக்கு சேற்றில் ஆயிரம் பேரை இழந்திருந்ததால் மக்களும் உடனே நகர்ந்தார்கள்.

உங்கள் குறிப்பில் 1985-ஐ மட்டும் வைக்காதீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சேற்றின் அளவு கூடியும் சாவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

ஆற்றுமணல்

ஊய்லாவில் நேரம் இன்னும் குறைவு என்பதையும் சேருங்கள். பெலால்காசாருக்குக் கிடைத்தது ஏறக்குறைய அரை மணிதான், ஆர்மெரோவுக்கு இருந்தது இரண்டரை மணி.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி: கைக்கு வரும் நிமிடங்களைக் கழித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். வெடிப்பிலிருந்து முதல் மானி எழும்ப 15 நிமிடம், நீடிப்பு விதிக்கு ஒரு நிமிடம், இரண்டாவது மானி உறுதிசெய்ய 11 நிமிடம், பணியில் இருப்பவர் பார்த்துத் தொலைபேசியை எடுக்க 5 நிமிடம், ஊர் அதிகாரி மேலதிகாரியிடம் அனுமதி கேட்டால் இன்னும் 20 அல்லது 30. இந்தக் கடைசி எண்தான் எப்போதும் மிகப் பெரியது, அதைக் குறைக்க எந்தக் கருவியும் வேண்டாம். ‘இரண்டு மானிகள் வரிசையாக எழும்பினால் யாரையும் கேட்காமல் சைரனை அழுத்தலாம்’ என்று எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் போதும். சைரனுக்கு ஊர் மின்சாரத்தை நம்பக் கூடாது, பேட்டரி வேண்டும். ஆர்மெரோவில் அன்று விளக்கு இல்லை.

சைரன் கேட்டவர் செய்ய வேண்டியது ஒன்றே: ஆற்றின் திசையில் ஓடாமல், ஆற்றுக்குக் குறுக்காக, மேட்டை நோக்கி நடக்க வேண்டும். வாகனத்தில் கீழ்நோக்கி ஓட்டினால் சேறும் அதே வழியில்தான் வரும். வழியில் பாலம் இருந்தால் கடப்பதற்கு முன் மேற்புறம் பார்க்க வேண்டும். நீர் திடீரெனக் கலங்கினாலும், அளவு திடீரெனக் குறைந்தாலும், ரயில் வருவதுபோல் இரைச்சல் கேட்டாலும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது. முதல் அலை போன பிறகு இறங்கிவரவும் கூடாது. அனுமதி அறிவிப்பு வரும் வரை மேட்டிலேயே இருக்க வேண்டும்.

வெண்கொக்கு

கடைசியாக ஒன்று. ரூயிஸின் பனி வேகமாகச் சுருங்கி வருகிறது, 1985-இல் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை என்று படித்தேன். அப்படியானால் லஹார் ஆபத்தும் அதே அளவு குறைந்துவிட்டதா? 2023-இல் ஏன் அவ்வளவு பரபரப்பு?

பனிமுகடு

குறைந்திருக்கிறது, ஆனால் பனி குறைந்த அதே விகிதத்தில் இல்லை. 1985-இல் உருகியதே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. பனி பாதிக்கும் கீழே வந்தாலும், அந்த அளவு நீரைத் தர இன்னும் போதும். தடையாக இருந்தது பனியின் இருப்பு அல்ல, ஓட்டம் எவ்வளவு பரப்பைத் தொட்டது என்பது. பரப்பு சுருங்கியதால் அடுத்த முறை தொடும் பரப்பும் குறையலாம், அந்த மட்டில் நல்லது. மறுபக்கம், பனி விலகிய சரிவுகளில் தளர்ந்த மண்ணும் கல்லும் வெளியே வந்து கிடக்கின்றன, அள்ளிக்கொள்ளப் பொருள் கூடியிருக்கிறது. புதுச் சாம்பல் படிந்த சரிவில் கனமழை பெய்தால் பனியே இல்லாமலும் லஹார் வரும். பினாடுபோவில் பனி கிடையாது, 1991-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்காலமும் லஹார் வந்தது.

2023 விஷயம்: மார்ச் 30 அன்று மலைக்குள் பாறை முறியும் வகை நிலநடுக்கங்கள் ஒரே நாளில் 11,000-ஐத் தாண்டின. அங்கே கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து அப்படி வந்ததில்லை. மனிசாலெஸ் கண்காணிப்பு நிலையத்தை நடத்தும் கொலம்பியப் புவியியல் சேவை, எச்சரிக்கை நிலையை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தியது. ஆரஞ்சு என்றால் நாட்களிலோ வாரங்களிலோ வெடிப்பு நிகழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். நிகழ்ந்தே தீரும் என்று பொருள் இல்லை. பெரிய வெடிப்பு வரவில்லை, அதிர்வு தணிந்ததும் ஜூன் 27 அன்று மறுபடி மஞ்சளுக்கு வந்தது. அதைப் பொய் எச்சரிக்கை என்று மாணவர்கள் எழுதினால் திருத்துங்கள். குறியீடு வாய்ப்பைச் சொல்வது, நாளைச் சொல்வதல்ல.

கம்பித்தடம்

அந்த மூன்று மாதத்தில் கற்க வேண்டிய இன்னொன்று உண்டு. மலையை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களை வெளியேறச் சொன்னபோது பலர் மறுத்தார்கள், அல்லது போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். காரணம் மாடுகளும் உருளைக்கிழங்கு வயலும். ஆறு வாரம், எட்டு வாரம் நீடிக்கும் ஆரஞ்சு நிலையில் யார் மாட்டைக் கறப்பது, பாலை எங்கே விற்பது, தீவனத்துக்கு யார் பணம் தருவது என்று திட்டத்தில் எழுதாவிட்டால் உத்தரவு தாளிலேயே நிற்கும். கால்நடைகளை ஏற்றிச் செல்ல லாரி, இறக்கி வைக்கத் தொழுவம், இவை இரண்டையும் உங்கள் குறிப்பில் மானிகளுக்கு அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.